கைப்பிடி தொய்யாத குரோஷா பை

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா பையில் முதலில் தொய்வது கைப்பிடிதான். இரண்டு கிலோ வெங்காயமும் ஒரு தேங்காயும் போட்டாலே அது இழுபட்டு, பை முழங்காலில் இடிக்கும்.

உல்லன் நூல் வேண்டவே வேண்டாம். முறுக்கேறிய பருத்தி நூல்தான் இதற்குச் சரி. அடிப்பாகத்தை இரட்டை இழையில் சிங்கிள் குரோஷாவாக (குட்டையான அடிப்படைக் குரோஷா பின்னல்) நெருக்கிப் பின்னுங்கள். மேலே ஒற்றை இழை போதும். நூல் உறையில் 4 மி.மீ. ஊசி என்றிருந்தால் 3.5 எடுங்கள், பின்னலின் கண்கள் இறுகும்.

கைப்பிடியைத் தனியாகப் பின்னித் தைக்காதீர்கள். தையல்தான் முதலில் விடும். பையின் வாய் விளிம்பிலிருந்தே சங்கிலி போட்டு, அதன்மேல் நான்கைந்து வரிசை தொடருங்கள். கடைசியில் அதன் இரு ஓரங்களிலும் ஸ்லிப் தையலை (உயரமில்லாத, தட்டையான குரோஷா பின்னல்) இறுக்கமாக ஓட்டிவிட்டால் நீட்சி வெகுவாகக் குறையும். கனமான சாமான் தூக்குபவர்கள் உட்புறம் ஒரு காடாத் துணிப்பட்டையும் வைத்துத் தைத்துக்கொள்ளலாம்.