வருடக் கடைசியில் எழுத, வரைய ஒன்றும் தோன்றவில்லையா? திருகோணமலையில் நாம் விடும் பிழைகள்

டிசம்பர் வந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: மழை, வெளியே போக ஏலாது, சீசன் முடிந்துவிட்டது. முதல் பிழை அதுதான். சீசன் என்பது வெளியூரில் இருந்து வருகிறவர்களின் கணக்கு. மே முதல் செப்டம்பர் வரை கடல் குளம் மாதிரிக் கிடக்கும், நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்குப் படகு ஓடும், அவர்களுக்கு அது போதும். ஆனால் திருகோணமலைக்கு வருடம் முழுக்கக் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில்தான் பெய்கிறது, அந்த மூன்று மாதத்தையும் ஒன்றுக்கும் உதவாத காலம் என்று தள்ளிவிட்டால் எழுதுகிறவருக்கும் வரைகிறவருக்கும் ஊரின் பாதி முகம் தெரியாமலே போய்விடும். பெரும்போக நெல் வேளாண்மை நடப்பதும் இப்போதுதான். தம்பலகாமம் பக்கம் பஸ்ஸில் ஒருமுறை போய் வாருங்கள், ஜன்னல் சீட் பிடித்துக்கொள்ளுங்கள். மழைக்குள் நிற்கிற அந்த வயலுக்கு 'பச்சை' என்று எழுதிப் பாருங்கள், கை தானாக நின்றுவிடும்.

கடலைப் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறேன், இறங்க வேண்டாம். இந்த மாதத்துக் கடல் நீச்சல் தெரிந்தவரையும் இழுத்துவிடும்.

அடுத்தது, ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கிற அவசரம். காலையில் கோணேசர் கோயில், அப்படியே கோட்டைக்குள் மான்களோடு நாலு படம், பத்து மணிக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள், மத்தியானம் நிலாவெளி, பின்னேரம் வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தால் எழுத ஒரு வரிகூட இருக்காது. நானும் பல வருடம் இப்படித்தான் அலைந்தேன். போன டிசம்பரில் வேறு மாதிரிச் செய்தேன்: டச் பே கடற்கரையில் ஒரே இடம், காலை ஆறரை மணி, அரை மணித்தியாலம், தொடர்ந்து ஐந்து நாள். முதல் இரண்டு நாளும் அலுப்புத்தான். மூன்றாம் நாள்தான் கரையில் ஏற்றி வைத்திருந்த படகுக்குப் பக்கத்தில் ஒரு ஐயா வலை பொத்திக்கொண்டு இருந்ததே கண்ணில் பட்டது, அவர் முதல் நாளில் இருந்தே அங்கேதான் இருந்திருக்கிறார். "இது வாடை தம்பி, பொங்கல் கழியத்தான் கடல் அடங்கும்" என்று தொடங்கினார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு காற்றும் அவர் கதைக்குள் வந்துவிட்டன. கச்சான் காற்று அடித்தால் முகத்தில் நெருப்புப் பட்ட மாதிரி இருக்கும் என்று அவர் சொல்ல, கையில் வைத்திருந்த கச்சான் சரையை அவரிடம் நீட்டினேன். ஒரே சொல் காற்றுக்கும் நிலக்கடலைக்கும் எப்படி வந்தது என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டு திரிந்தேன். பிறகு எழுதிய மூன்று கவிதையும் அந்தச் சொற்களில் இருந்து வந்தவைதான். ஆகவே தயவுசெய்து இடங்களைக் குறையுங்கள், நாட்களைக் கூட்டுங்கள்.

போனில் வருகிற 'இந்த வருடத்தின் சிறந்த பத்து' வகையறாக்களை இந்த இரண்டு கிழமைக்கு விட்டுவிடுங்கள். மற்றவர் வாசித்ததையும் பார்த்ததையும் எண்ணிக்கொண்டிருந்தால் உங்கள் வருடம் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான் மிச்சம். அதே போனில் உங்கள் படங்களைத் திறவுங்கள். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அந்தப் படத்துக்குள் வராத ஒரு விசயத்தை மூன்று வரியில் எழுதுங்கள்: யார் அந்தப் படத்தை எடுத்தது, அந்நேரம் என்ன மணம் வந்தது, படம் எடுத்த உடனே யார் கோபித்துக்கொண்டு போனது. ஜனவரி முதலாம் திகதி புது டயரியோடு பெரிய நாவல் தொடங்கப் போகிறேன் என்று நிற்பவர்களுக்கும் இதையே சொல்வேன். டிசம்பரில் சேர்த்து வைக்காமல் ஜனவரியில் எதை எழுதுவது?

இன்னொன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். எங்கள் கரையோரத்தில் வருடக் கடைசி வெறும் கொண்டாட்டம் இல்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 இங்கே எத்தனையோ வீடுகளில் இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் அன்று காலை 9.25க்கு நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கிறோம். முதல் நாள் பாலன் பிறப்புப் பூசையும் கேக்கும், அடுத்த நாள் அழுகை. இதை எழுதுகிறேன் என்று ஆட்களிடம் போய்க் கேள்வி கேட்பது, விளக்குக்கு முன்னால் அழுகிறவர்களைப் படம் எடுப்பது, இரண்டும் பெரும் பிழை. யாராவது தானாகக் கதைத்தால் இருந்து கேளுங்கள், கொப்பியை எடுக்காதீர்கள். அதே நேரம், துக்கம் இருக்கிறது என்பதற்காகச் சந்தோசத்தை ஒளிக்கவும் தேவையில்லை. அடுத்த வீட்டில் இருந்து கேக் தட்டு வந்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், பிள்ளைகள் வெடி கொளுத்தினால் பக்கத்தில் நில்லுங்கள்.

அனுபவிக்கிற எல்லாவற்றையும் எழுத்தாக்கப் பார்ப்பதும் கூடாது. மார்கழி விடியலில் திருவெம்பாவைப் பூசைக்குப் போனால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அவித்த மரவள்ளிக்கிழங்கும் கட்டச் சம்பலும் இஞ்சிப் பிளேன்ரீயும் முன்னால் இருக்கும்போது படம் எடுத்துக்கொண்டு நின்றால் கிழங்கு ஆறிவிடும், ஆறின கிழங்கைத் தின்ன ஏலாது. இந்த முறை நான் ஒரு மழை நாளாகப் பார்த்து, சனம் குறைந்த கிழமை நாளில், கன்னியாவுக்குப் போகப் போகிறேன். ஏழு கிணறும் ஏழு விதச் சூடு. மேலே குளிர் மழை விழ விழ ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு வாளி அள்ளி ஊற்ற வேண்டும். மாற்று உடுப்பும் துவாயும் மட்டும் கொண்டு போவேன், கொப்பி வராது.