அரசியல்வாதியின் மெயில் உடைபட்டால்: ஊடகச் சார்பைத் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மதுரையில் பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். இப்போது மாலை நேரங்களில் இதழியல் மாணவர்களுக்கும், உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்துப் பகுதிநேர நிருபர்களுக்கும் வகுப்பெடுக்கிறேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே பயிற்சிதான். 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ மெயில் உடைக்கப்பட்டபோது அமெரிக்க ஊடகங்கள் ஒருதலையாக நடந்துகொண்டனவா? எழுதிக் கொண்டுவர வேண்டும். எதற்கு அமெரிக்கா என்று கேட்பார்கள். உள்ளூர்க் கட்சிக்காரரை எடுத்தால் அரை மணி நேரத்தில் வகுப்பறை வாக்குச்சாவடி ஆகிவிடும். பேலினுக்காக மதுரையில் யாரும் சட்டையைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள்.

கட்டுரைகள் வந்து சேரும். பிரித்தால், எங்கள் தலைமுறை டெஸ்க்கில் செய்த அதே சொதப்பல்கள். பெயரைத் தப்பாக எழுதுவது, தேதி பார்க்காதது, வாட்ஸ்அப் பார்வேர்டை ஆதாரமாக வைப்பது ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ரெண்டு திட்டு வாங்கினால் அவை தானாகச் சரியாகிவிடும்.

நீளத்தை அளந்து தீர்ப்புச் சொல்வது

வேண்டாம். இரண்டு காலம் செய்தியா, நாலு காலம் செய்தியா என்பதை அன்றைக்கு வந்த விளம்பரம்கூடத் தீர்மானிக்கும். வெளியூர்ப் பதிப்புக்கு முன்னிரவிலேயே பக்கத்தை மூடியிருப்போம். நகரப் பதிப்பில் அதே செய்தி முதல் பக்கத்துக்கு ஏறியிருக்கும். அளந்தே தீர வேண்டுமென்றால் பெட்டிக்கடை வாசலில் தொங்கும் வால்போஸ்டரைப் பாருங்கள். எதைச் சொல்லி விற்க நினைத்தார்கள் என்பது அந்த நாலு வார்த்தையில் இருக்கும்.

திருட்டையும் கடிதத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் அடங்காத விஷயம் இது.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். அலாஸ்கா ஆளுநராக இருந்த பேலினைத் துணை அதிபர் வேட்பாளராக 2008 ஆகஸ்ட் 29 அன்று குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்ன் அறிவித்தார். செப்டம்பர் நடுவில், டென்னசி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 20 வயது மாணவர் ஒருவர் பேலினுடைய யாஹூ கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் யாஹூ சில விவரங்களைக் கேட்கும். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை எங்கே சந்தித்தீர்கள் என்ற கேள்வி. எல்லாவற்றுக்கும் பதில் இணையத்திலேயே கிடந்தது. கணவரைச் சந்தித்த இடம் வசில்லா உயர்நிலைப் பள்ளி. உள்ளே போனவர் புதிய கடவுச்சொல்லை, பெயர் சொல்லாமல் எழுதும் 4சான் தளத்தில் போட்டார். ஸ்கிரீன்ஷாட்டுகள், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ், கிசுகிசுத் தளமான காக்கர் என்று பரவின. பிரசாரத்தைக் கவிழ்க்கும்படி உள்ளே எதுவும் இல்லை என்று அந்த மாணவரே எழுதினார்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அடுத்தவர் கணக்கில் நுழைந்தது குற்றமா? குற்றம்தான். 2010 ஏப்ரலில் நாக்ஸ்வில் நீதிமன்றத்தில் அவர் குற்றவாளி என்று முடிவானது. நவம்பரில் ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை. அடுத்தது, ஓர் ஆளுநர் அரசு வேலையைத் தனி மெயிலில் பார்க்கலாமா? இதுவும் நியாயமான கேள்வி. அரசு அலுவல் தனிக் கணக்குக்குள் போய்விட்டால், சட்டப்படி ஆவணம் கேட்கிறவருக்கு அது கிடைக்காமலே போகலாம். மெயில் உடைபடுவதற்கு முன்பே அலாஸ்காவில் இதைக் கேட்டவர்கள் உண்டு.

ஒரு கேள்விக்கான பதிலைக் கொண்டுபோய் இன்னொன்றுக்குப் பொருத்த முடியாது. ஆனால் கட்டுரைகளில் பாதி, ‘யாஹூவில் அரசு வேலை பார்த்தாரே, வேணும்’ என்ற தொனியில் வரும். மீதி, ‘திருட்டு மெயில், தொட்டவனெல்லாம் திருடன்’ என்று வரும். பேலினைப் பிடிக்காதவர்களும் பிடித்தவர்களும் அன்றைக்குப் பேசியது இதையேதான். சார்பைத் தேடப் போனவர்கள் அதில் ஒரு கரையில் பாய் விரித்துவிட்டு வருகிறார்கள்.

நம் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பெயரும் பத்திரிகை பெயரும் வேண்டாம். ஒரு பேரூராட்சித் தலைவர். அவருக்கு மெயில் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தது பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர் பையன். கடவுச்சொல், தலைவருடைய புல்லட் வண்டியின் நம்பர். ஊருக்கே மனப்பாடம். தெருவிளக்கு டெண்டர் சமயத்தில் யாரோ உள்ளே புகுந்து, மெயில்களையெல்லாம் பிரிண்ட் எடுத்துப் பழுப்புக் கவரில் போட்டு இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ஒன்றில் ‘தெருவிளக்கு டெண்டரில் தில்லுமுல்லு’. இன்னொன்றில் ‘பேரூராட்சித் தலைவரின் மெயில் திருட்டு: போலீசில் புகார்’. முதல் செய்தியில், இந்தக் காகிதங்கள் எப்படிக் கிடைத்தன என்று ஒரு வரி இல்லை. இரண்டாவதில் டெண்டர் என்ற பேச்சே இல்லை. எந்தப் பத்திரிகை யாருக்கு வேண்டியது என்று டீக்கடை பெஞ்சில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அந்தக் கவரில் தலைவருடைய மகளின் ஜாதகமும் இருந்தது. வரன் பார்த்த வீட்டுக்கு அனுப்ப ஸ்கேன் செய்து வைத்திருந்தார். புதிதாகச் சேர்ந்த நிருபர், கிடைத்த தாள்களையெல்லாம் மேசையில் விசிறி போலப் பரப்பி ‘சிக்கிய ஆவணங்கள்’ என்று படம் எடுத்திருக்கிறார். ராசிக் கட்டம், பெண்ணின் பெயர், நட்சத்திரம், கீழே தொடர்புக்கு ஒரு செல் நம்பர், எல்லாம் படிக்கிற அளவில் அச்சாகிவிட்டது. அந்தப் பெண் எந்த டெண்டரை எடுத்தாள்? கண்டவனும் அந்த நம்பருக்குப் போன் போட்டான். பேசி முடிக்க இருந்த வரன் விலகிக்கொண்டது. நிருபரைக் கேட்டால், “ஒரிஜினல்னு காட்டத்தானே அண்ணே வெச்சேன்” என்றார்.

டெண்டர் கதையும் அன்றோடு செத்தது. தலைவர் மகளைச் சொல்லி அழுதார். ஊர் அவர் பக்கம் சாய்ந்தது. தெருவிளக்குக் கணக்கைக் கேட்க ஆளில்லாமல் போனது. பேலின் விவகாரத்திலும் இதே கோளாறு உண்டு. குடும்பப் படங்களும் மகள் பிரிஸ்டலின் போன் எண்ணும் வெளியே போயின. அதனால் வந்த தொல்லை அழைப்புகளைப் பற்றி பிரிஸ்டல் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அந்த எண்ணுக்கும் அலாஸ்கா நிர்வாகத்துக்கும் என்ன சம்பந்தம்?

எரிச்சலுக்குக் காரணம், இத்தனையும் தேவையே இல்லை என்பது. கவரைத் துப்பாக மட்டும் வைத்துக்கொண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி டெண்டர் கோப்பைக் கேட்டிருக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். அப்படி வருகிற தாளில் ஜாதகம் இருக்காது. திருட்டு என்று யாரும் வாயை அடைக்கவும் முடியாது. அலாஸ்காவில் ஊடகங்கள் முறைப்படி கேட்டிருந்த மெயில்களை, 24,000 பக்கங்களுக்கு மேல், மாநில அரசே 2011 ஜூனில் வெளியிட்டது. படித்துப் பார்க்க வாசகர்களையும் சில பத்திரிகைகள் துணைக்கு அழைத்தன. இப்படியா ஒருவரைத் துருவுவது என்று அப்போதும் சார்புப் புகார் எழுந்தது. அது பேச வேண்டிய புகார்தான். ஆனால் அது 2008 புகாரிலிருந்து வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுப் பிசையாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கசிந்த கடவுச்சொல் கையில் கிடைத்தது, ‘உண்மைதானா என்று பார்க்க’ ஒரு தடவை உள்ளே போய் வந்தேன் என்று நிருபர்கள் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தம்பி, அதற்குப் பெயர் சரிபார்ப்பு இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66, 66சி பிரிவுகளில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பிரஸ் கார்டைக் காட்டினால் விட மாட்டார்கள்.

அப்பா எந்தக் கட்சி

அந்த மாணவரின் அப்பா டென்னசி மாநில அவையில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர். கட்சியைச் சொல்லாமல் மழுப்பினார்கள் என்பது பேலின் ஆதரவாளர்களின் முக்கியமான குறை. நியாயமான குறைதான், எதிர்க்கட்சி வேட்பாளரின் மெயிலில் கைவைத்தவர் யார் வீட்டுப் பிள்ளை என்று வாசகர் கேட்கத்தான் செய்வார். அதற்காகத் தலைப்பில் தூக்கி வைத்தால், வழக்கே இல்லாத அப்பாவைக் கூண்டில் ஏற்றியதாகிவிடும். மூன்றாவது, நான்காவது பாராவில், அப்பா மீது குற்றச்சாட்டு இல்லை என்ற வரியோடு சேர்த்து எழுத வேண்டிய தகவல் அது. நம் ஊரில் இதை எப்படிச் செய்கிறோம் என்று தெரிந்ததுதானே. வேண்டியவர் என்றால் ‘அரசியல் பிரமுகரின் மகன்’. வேண்டாதவர் என்றால் கட்சி, பதவி, கொடியோடு போட்டோ.

மூன்று மெயிலை ஒன்றாக்குவது

2016 அமெரிக்க அதிபர் தேர்தல் பற்றி எழுதும்போது எல்லாவற்றையும் ‘ஹிலாரி மெயில் விவகாரம்’ என்று ஒரே பானையில் கொட்டுகிறார்கள். நடந்தவை மூன்று. ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி கிளிண்டன் முன்பு வெளியுறவு அமைச்சராக இருந்தபோது பயன்படுத்திய தனி சர்வர் ஒன்று. அது 2015 மார்ச்சில் செய்தியாகி, எஃப்பிஐ விசாரணை வரை போனது. ஜனநாயகக் கட்சித் தேசியக் குழுவின் மெயில்கள் இரண்டாவது; விக்கிலீக்ஸ் 2016 ஜூலை 22 அன்று வெளியிட்டது. மூன்றாவது, அவருடைய பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயில். கூகுள் அனுப்பியதைப் போல வந்த போலி எச்சரிக்கையில் சிக்கியது. அதன் வெளியீடு அக்டோபர் 7 அன்று தொடங்கியது. பெண்களைப் பற்றி டிரம்ப் கேவலமாகப் பேசிய வீடியோ வெளிவந்ததும் அன்றைக்குத்தான்.

முதலாவதில் பதில் சொல்ல வேண்டியவர் ஹிலாரி. மற்ற இரண்டிலும் அவர் தரப்பு பறிகொடுத்த தரப்பு. அவற்றுக்காக ரஷ்ய ராணுவ உளவுத்துறையினர் 12 பேர் மீது 2018 ஜூலையில் குற்றச்சாட்டுப் பதிவானது. ராத்திரி அவசரத்தில் ஏஜென்சி செய்தியை மொழிபெயர்க்கிற டெஸ்க்கில் மூன்றும் கலந்துவிட்டால், பொருளைப் பறிகொடுத்தவர் காலையில் குற்றவாளியாக விடிவார்.

பொருந்தாததைப் பக்கத்தில் வைப்பது

2024இல் டிரம்ப் பிரசாரக் குழுவிலிருந்து திருடப்பட்ட ஆவணங்கள், ‘ராபர்ட்’ என்ற பெயரில் பொலிட்டிகோ, நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் மூன்றுக்கும் போயின. துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸ் பற்றிய பின்னணி அறிக்கையும் அதில் இருந்தது. அவர்கள் திருட்டை எழுதினார்கள், அறிக்கையை வெளியிடவில்லை. 2016இல் மட்டும் எப்படி வெளியிட்டீர்கள் என்று சண்டை வந்தது. மாணவர்களும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ‘சார்பு நிரூபணம்’ என்று முடித்துவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். 2016இல் மெயில்கள் விக்கிலீக்ஸில் எல்லோர் கண்ணுக்கும் கிடந்தன; பத்திரிகை பேசாமல் இருந்தாலும் ஊர் பேசியிருக்கும். 2024இல் கவர் முதலில் ஆசிரியர் மேசையில்தான் இருந்தது. இந்த வித்தியாசத்தைக் கழியுங்கள். கழித்த பிறகும் எனக்கு மிச்சம் தெரிகிறது. 2016இல் பொடெஸ்டாவின் ரிசோட்டோ (இத்தாலிய அரிசி உணவு) சமையல் குறிப்புகூடச் செய்தியாயிற்று. கிண்டிக் கிண்டி அரிசி வேகவைப்பதில் என்ன பொதுநலன்?

பிரான்ஸைச் சேர்ப்பவர்கள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். அதிபர் வேட்பாளர் மக்ரோன் தரப்பு மெயில்கள் கொட்டப்பட்டது 2017 மே 5 வெள்ளி இரவு; வாக்குப்பதிவு மே 7. அன்று நள்ளிரவோடு பிரசாரம் ஓய வேண்டிய நேரம் தொடங்கிவிட்டது. வெளியிட வேண்டாம் என்று தேர்தல் பிரசாரக் கண்காணிப்பு ஆணையமும் கேட்டுக்கொண்டது. அந்த அமைதியை அப்படியே சார்புக் கணக்கில் எழுத முடியாது.

வகுப்பில் நான் செய்யச் சொல்வது இவ்வளவுதான். செய்தியைப் பிரிண்ட் எடுங்கள். உடைப்பைப் பற்றிய வரிகளுக்குச் சிவப்பு, மெயிலில் இருந்தவை பற்றிய வரிகளுக்கு நீலம். பிறகு எதிர்த்தரப்பு மாட்டியபோது அதே பத்திரிகை எழுதியதை எடுத்து அதே போலக் கோடு போடுங்கள். நிறம் மாறினால் ஏன் என்று கேளுங்கள்.

‘எல்லாம் போலி’ என்று மெயிலைப் பறிகொடுத்தவர் சொன்னால்

எழுதுங்கள். எந்தத் தாள் போலி என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.

எச்சரிக்கையை உடைப்பாக எழுதுவது

2023 அக்டோபர் 31 அன்று நம் நாட்டு எதிர்க்கட்சி எம்.பி.க்கள் பலர் ஆப்பிளிடமிருந்து வந்த எச்சரிக்கையை வெளியிட்டார்கள். அரசு ஆதரவுள்ள ஆட்கள் உங்கள் ஐபோனைக் குறிவைத்திருக்கலாம் என்பது அதன் சாரம். எந்த அரசு என்று ஆப்பிள் சொல்லவில்லை. இதை வைத்து ‘போன் ஹேக் செய்யப்பட்டது’ என்று எழுதுகிறவரும் சரி, ‘வெறும் நாடகம்’ என்று எழுதுகிறவரும் சரி, என் வகுப்பில் கட்டுரையை மறுபடி எழுத வேண்டும்.