ஐபிவி4 இணைப்பிலேயே ஐபிவி6: வீட்டு ரவுட்டரில் டனல் போடும் முறை

திருகோணமலை உவர்மலையில் வீட்டு இணைப்பு வைத்திருந்தாலும், என்.சி. வீதியில் சின்னதாகக் கணினி வகுப்பு நடத்தினாலும், முதலில் உங்கள் ரவுட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே 2 இல் தொடங்கும் ஐபிவி6 முகவரி (பழைய ஐபிவி4க்குப் பின் வந்த நீளமான இணைய முகவரி) ஏற்கெனவே இருந்தால் டனல் வேண்டாம். நேரடி இணைப்புதான் எப்போதும் நல்லது. இல்லாதவர்கள் தொடர்ந்து வாசியுங்கள்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன், வாகனங்கள் மிதவைப் பாதையில் ஏறித்தான் அக்கரை போயின. டனலும் அப்படித்தான். ஐபிவி6 பொதி (இணையத்தில் செல்லும் தரவுத் துண்டு), ஐபிவி4 பொதியின் மேல் ஏறிப் போகிறது. அக்கரையில் இறக்கிவிடுவது டனல் புரோக்கரின் வேலை. ஹரிக்கேன் எலக்ட்ரிக் இதை இலவசமாகத் தருகிறது. பழைய பாடக்குறிப்புகளில் வரும் 6டு4 முறையில் நேரம் செலவிடாதீர்கள்; அது நம்பியிருந்த 192.88.99.1 என்ற முகவரி 2015இலேயே கைவிடப்பட்டது.

படி 1: பொது முகவரி இருக்கிறதா?

பலருக்கும் வேலை நின்றுபோவது இங்கேதான், அதனால் அவசரப்படாதீர்கள். ரவுட்டர் காட்டும் வெளிப்பக்க ஐபிவி4 முகவரியையும், ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் தளம் தரும் முகவரியையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் சரி. ரவுட்டரில் 10., 192.168. அல்லது 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி இருந்தால், ஒரே பொது முகவரியைப் பலருடன் பகிர்கிறீர்கள். 4ஜி ரவுட்டர்களில் பெரும்பாலும் இதுதான் நிலை. அந்த நிலையில் இந்த டனல் இயங்காது. டனல் பயன்படுத்துவது புரோட்டோகால் 41 (ஐபிவி4 பொதிக்குள் ஐபிவி6 இருப்பதைச் சொல்லும் எண்). அது போர்ட் எண் அல்ல, ஆகவே 41ஆம் போர்ட்டைத் திறப்பதால் பயனில்லை. சேவை வழங்குநரிடம் பொது முகவரி கேளுங்கள். கிடைக்காவிட்டால், ஐபிவி6 உள்ள வாடகை சர்வர் ஒன்றுக்கு வயர்கார்ட் (விபிஎன் மென்பொருள்) டனல் போடலாம்.

படி 2: பதிவு

ரவுட்டர் பிங்குக்கு (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) பதில் சொல்லும்படி வைத்துவிட்டுப் புரோக்கர் தளத்தில் பதியுங்கள். சர்வர் பட்டியலில் சிங்கப்பூரையும் மற்றவற்றையும் பிங் செய்து, தாமதம் குறைந்ததை எடுங்கள்.

படி 3: ரவுட்டர்

ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறந்த மென்பொருள்) உள்ள ரவுட்டரில் 6இன்4 மென்பொருள் தொகுப்பை நிறுவி, புதிய இடைமுகம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். புரோக்கர் இரண்டு /64 முகவரித் தொகுதிகள் தருவார். முகவரியின் மூன்றாவது எண்குழுவில் ஓர் இலக்கம் மட்டுமே வேறுபடுவதால் குழம்புவது எளிது. ஒன்று டனலுக்கே உரியது. ‘ரவுட்டட்’ என்று குறித்திருப்பதுதான் உங்கள் கணினிகளுக்கு. அப்புறம் இடைமுகத்தைத் தீச்சுவரின் வெளிப்பக்க வலயத்தில் சேர்க்க மறக்காதீர்கள். இனி ஒவ்வொரு கணினிக்கும் பொது முகவரி இருக்கும். டனல் எதையும் மறையாக்கம் செய்வதில்லை, இதை விபிஎன் என்று நினைக்க வேண்டாம்.

படி 4: எம்டியூ

எம்டியூ என்பது ஒரு பொதியின் உச்ச அளவு. சாதாரண இணைப்புக்கு 1480 (1500இல் 20 பைட் ஐபிவி4 தலைப்புக்குப் போகும்), பிபிபிஓஇ (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) என்றால் 1472. சின்னப் பக்கங்கள் திறந்து பெரியவை பாதியில் நின்றால் இந்த எண்ணைத்தான் முதலில் பாருங்கள்.

கரண்ட் போய் வந்தபின் உங்கள் ஐபிவி4 முகவரி மாறினால் டனல் அறுந்துவிடும். டனல் எண், பயனர் பெயர், புதுப்பிப்புச் சாவி மூன்றையும் அதே இடைமுகப் பக்கத்தில் நிரப்பிவிட்டால், ரவுட்டரே புதிய முகவரியைப் புரோக்கருக்கு அறிவித்துவிடும்.