தீக்காயம் ஆறிய பிறகு நடக்கும் தவறுகள்

பெரிய தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர் வீடு திரும்பியதும் குடும்பத்துக்கே ஒரு நிம்மதி வரும். புண் மூடிவிட்டது, கட்டும் சிறிதாகிவிட்டது, இனி நன்றாக ஓய்வெடுத்தால் போதும் என்று தோன்றும். கையை நீட்ட முடியாமல் போவதும், கழுத்து நிமிராமல் போவதும், தழும்பு தடித்து இழுப்பதும் பெரும்பாலும் இந்த நிம்மதி வந்த பிறகுதான். விபத்து நடந்த உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும், ஐஸ் வைக்கக் கூடாது என்பதெல்லாம் இப்போது பலருக்கும் தெரியும். அடுத்து வரும் ஒன்றிரண்டு வருடங்களைப் பற்றித்தான் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

வலிக்காத நிலையில் வைத்திருப்பது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான், பாசத்தால் செய்யப்படுவதும் இதுதான். வெந்த இடத்தை மடக்கி வைத்தால் வலி குறையும். முழங்கையின் உட்பக்கம் வெந்தவர் கையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொள்வார். கழுத்தின் முன்பக்கம் வெந்தவர் தலையணையை உயர்த்தி முகவாயைத் தாழ்த்திக்கொள்வார். அக்குளில் வெந்தவர் கையை விலாவோடு ஒட்டியே வைத்திருப்பார். பக்கத்தில் இருப்பவர்களும் 'வலிக்கிறதே, அப்படியே இருக்கட்டும்' என்று விட்டுவிடுவார்கள்.

ஆழமான தீக்காயம் சுருங்கிக்கொண்டேதான் ஆறும். எந்த நிலையில் வைத்திருக்கிறோமோ அந்த நிலையிலேயே தோல் இறுகிப்போகும். அதனால் உடம்பு எந்தப் பக்கம் மடங்கப் பார்க்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக வைப்பதுதான் பொதுவான முறை. கழுத்தில் காயம் என்றால் தலையணையே கூடாது. முழங்கை நீட்டி இருக்க வேண்டும். அக்குள் என்றால் கையை உடம்பிலிருந்து 90 டிகிரி அளவுக்கு விலக்கி வைக்க வேண்டும். முழங்காலின் பின்பக்கம் வெந்திருந்தால் அதன் கீழே தலையணை கொடுப்பது அன்பாகத் தெரியும், ஆனால் அந்தக் கால் நேராகாமல் போக அதுவே காரணமாகிவிடும்.

கை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. உள்ளங்கை வெந்திருந்தால் விரல்களை விரித்து நீட்டி வைப்பார்கள். புறங்கை வெந்திருந்தால் விரல்கள் கையோடு சேரும் மூட்டில் நன்றாக மடங்கியும், அதற்கு மேலே விரல் நேராகவும் இருக்க வேண்டும். இதை ஊகத்தில் செய்யாமல் பிசியோதெரபிஸ்ட் செய்து காட்டும்போது போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் எந்த மூட்டு எப்படி இருந்தது என்பதில் கட்டாயம் குழப்பம் வரும்.

மூட்டைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் ஸ்பிளிண்டை, இரவில் தூக்கம் கெடுகிறது என்று கழற்றி வைப்பதும் இதே வகைத் தவறு. பகலில் நாம் பார்த்துப் பார்த்து நீட்டிவிடலாம். தூக்கத்தில் கை தானாக மடங்கிக்கொள்ளும். ஸ்பிளிண்ட் அதிகம் உதவுவதே இரவில்தான். அது அழுத்திச் சிவந்து புண்ணாக்கினால் சரிசெய்து தரக் கேளுங்கள், மூலையில் போட்டுவிடாதீர்கள்.

பயிற்சியிலும் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். சிலர் வலிக்குப் பயந்து அசைப்பதே இல்லை. சில வீடுகளில் யாராவது ஒருவர் வேகமாகப் பிடித்து இழுத்துவிடுவார், புதுத் தோல் கிழிந்து ரத்தம் வரும். சரியான நீட்டல் மெதுவானது. தழும்பு வெளுக்கும் வரை நீட்டி, அங்கேயே சற்று நேரம் நிறுத்தி, பிறகு விட வேண்டும். டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைப் பயிற்சிக்கோ டிரெஸ்ஸிங்குக்கோ அரை மணி நேரத்துக்கு முன்பே போட்டுக்கொண்டால் பாதிப் போராட்டம் குறையும். ஒரு விதிவிலக்கு உண்டு: வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டியிருந்தால், அது பிடிக்கும் வரை சில நாட்கள் அந்த இடத்தை அசைக்கக் கூடாது. எப்போது தொடங்கலாம் என்பதை அறுவை சிகிச்சை செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கட்டு, களிம்பு, காய்ச்சல்

காய்ந்து ஒட்டிக்கொண்ட கட்டைச் சட்டென்று இழுத்தால் பஞ்சோடு சேர்ந்து புதிதாக வளர்ந்த மெல்லிய தோலும் வந்துவிடும். தண்ணீரோ சலைனோ ஊற்றி நன்றாக ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக எடுங்கள். பார்க்க வருபவர்கள் ஆளுக்கொரு பொடியும் சாறும் களிம்பும் சொல்வார்கள். திறந்த புண்ணில் அவை எதுவும் வேண்டாம். போனமுறை மிச்சமான ஆன்டிபயாடிக் மாத்திரையைப் 'பாதுகாப்புக்கு' என்று விழுங்குவதும் வேண்டாம்.

நேற்றைவிட இன்று வலி கூடினாலோ, சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, வாடையோ பச்சை நிறக் கசிவோ இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். குழந்தைகளுக்குக் காயம் சின்னதாக இருந்தாலும், முதல் சில நாட்களில் காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு, வாந்தி, பேதி என்று வந்தால் அது அவசர நிலை. கிருமி விடும் நச்சு ரத்தத்தில் கலப்பதால் அப்படி ஆகலாம். புண்ணைப் பார்த்தால் ஒன்றும் இல்லாதது போலவே இருக்கும்.

சாப்பாட்டைக் குறைப்பது பெரிய தப்பு. பெரிய தீக்காயம் பட்ட உடம்பு படுத்திருந்தாலும் எரிபொருளை வேகமாகச் செலவழிக்கும், தசையையே கரைக்கும். கடுமையான காயங்களில் இந்த நிலை ஒரு வருடத்துக்கு மேலும் நீடிக்கலாம். பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.5 முதல் 2 கிராம் வரை புரதம் தேவைப்படும். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 90 முதல் 120 கிராம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். சிகரெட்டை நிறுத்தாமல் புண் ஆறவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

தழும்பைப் பார்த்து அவசரப்படுவது

மூன்று வாரத்துக்குள் ஆறிய காயம் பெரும்பாலும் லேசான அடையாளத்தோடு போய்விடும். அதற்கு மேல் இழுத்த காயம் தடித்த தழும்பாக வாய்ப்பு அதிகம். அந்தத் தழும்பு முதல் சில மாதங்களில் இன்னும் சிவந்து, இன்னும் தடிக்கும். இங்கேதான் வீட்டில் பதற்றம் வரும், டாக்டர் மாறும், கிரீம் மாறும். தழும்பு முதிர்ந்து தட்டையாகி வெளிற ஒரு வருடம், சில சமயம் இரண்டு வருடமும் ஆகும். இடையில் சிவந்திருப்பது அந்தப் பாதையின் ஒரு கட்டம்தான்.

அந்தக் காலம் முழுக்கத் தேவைப்படுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. இறுக்கமான பிரஷர் உடையைக் குளிக்கவும் மசாஜுக்கும் தவிர, ஒரு நாளில் சுமார் 23 மணி நேரம் போட்டிருக்கச் சொல்வார்கள். விசேஷத்துக்குப் போகும்போது மட்டும் போட்டுக்கொள்வது எந்தப் பயனும் தராது. சில மாதங்களில் அது தளர்ந்துவிடும். தளர்ந்த உடையைக் கடமைக்குப் போட்டுக்கொண்டு திரிவதைப் பலரிடம் பார்க்கலாம், புது அளவு எடுக்க வேண்டும். தழும்பு தடிக்காமல் இருக்க மேலே ஒட்டும் சிலிக்கோன் ஷீட்டைப் புண் முழுதாக மூடிய பிறகே ஒட்ட வேண்டும்.

வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டிய தோலில் எண்ணெய்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் பெரும்பாலும் இருக்காது. எனவே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரை ஒரு நாளில் பல முறை தடவ வேண்டும், பெரிய பரப்பில் ஒட்டு இருந்தால் வெயிலில் உடம்பு சீக்கிரம் சூடாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குறைந்தது முதல் வருடம் தழும்பை வெயில் படாமல் மூடியோ சன்ஸ்கிரீன் போட்டோ காப்பாற்றாவிட்டால் நிறம் நிரந்தரமாகக் கறுத்துப்போகலாம். அங்கே உணர்ச்சியும் குறைவாக இருக்கும். வெந்நீர்ப் பையை வைத்து, சுடுவதே தெரியாமல் அதே இடத்தில் மறுபடி சுட்டுக்கொள்பவர்கள் உண்டு.

அரிப்பைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. வலியைவிட அரிப்புதான் கொடுமை என்று சொல்பவர்கள் நிறைய. 'ஆறுகிறது, அதனால்தான் அரிக்கிறது' என்று தேற்றுவதோடு விட்டுவிடாதீர்கள். சொறிந்தால் அந்தத் தோல் உடனே கிழியும். மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள்.

பேசாமல் மூடி வைப்பது

வீட்டில் கண்ணாடியை எல்லாம் எடுத்து மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முகத்தை ஒருநாள் பார்க்கத்தான் போகிறார். அவர் கேட்கும்போது, கூட ஒருவர் இருக்கும்போது பார்ப்பது நல்லது. 'கவனமாக இருந்திருக்கலாமே' என்ற பேச்சு மட்டும் வீட்டில் எழவே கூடாது. அடுப்பைப் பார்த்தாலே நடுங்குவது, அந்தக் காட்சியே கனவில் வருவது எல்லாம் ஆரம்பத்தில் இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தைக்குப் பட்ட காயமென்றால் கணக்கே வேறு. எலும்பு வளரும், தழும்பு அதற்கு ஈடாக வளராது. ஐந்து வயதில் சரியாக நீண்ட விரல் பத்து வயதில் இழுத்துக்கொள்ளலாம். வளர்ச்சி நிற்கும் வரை அவ்வப்போது காட்ட வேண்டும்.

பல வருடம் கழிந்த பழைய தழும்பில் புதிதாக ஒரு புண் வந்து, வாரக்கணக்கில் ஆறாமல் ரத்தம் கசிந்தால் அதை உராய்வு என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருக்கக் கூடாது. அபூர்வமாக அது தோல் புற்றாக இருக்கலாம், மார்ஜோலின் புண் என்று அதற்குப் பெயர். சிறு சதைத் துண்டை எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும்.