மண் சரிந்த சரிவில் மறுபடி வீடு கட்டும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்சரிவு நடந்த ஊரில் முதலில் எழும் கேள்வி, 'வீடு எப்போது கிடைக்கும்?' என்பதுதான். வீட்டை இழந்தவருக்கு வேறென்ன தோன்றும்? ஆனால் திட்டம் போடுகிறவர்களும் வீட்டிலிருந்தே தொடங்குவது பெரிய தவறு. நீலகிரியில் முதலில் வழி ஒதுக்க வேண்டியது தண்ணீருக்கு.

மழைநீர் உள்ளே இறங்கித் தேங்கும்போது மண்ணின் பிடி தளர்ந்து, சரிவே நழுவுகிறது. சமதளம் வேண்டுமென்று பொக்லைன் வைத்துச் செங்குத்தாக வெட்டினால் மேல் மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளினால், அடுத்த மழையில் ஓடை வேறு வழி தேடும். அந்த வழியில் யாருடைய வீடு இருக்குமோ! அப்புறம், தடுப்புச் சுவர். நீர் வெளியேறத் துளைகளும் பின்னால் ஜல்லியும் இல்லாத சுவர், தண்ணீரைத் தேக்கும் அணையாகிவிடுகிறது. அந்தப் பாரத்தைத் தாங்கும் பலம் அதற்குக் கிடையாது. துளை வைத்த சுவர்களிலும் மண் அடைத்துப் புல் முளைத்திருப்பதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு துளையையும் குத்திவிட ஆள் வேண்டும், அதற்குத் திட்டத்திலேயே பணம் வேண்டும். கழிவறை நீரையும் சமையலறை நீரையும் சரிவிலேயே ஊறவிடுவதும் ஆபத்து. அது ஆண்டு முழுக்க இறங்குகிற நீர்.

மாவட்டம் முழுவதற்கும் ஒரே மழைக்கணக்கு வைப்பதும் தவறு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது, அந்த மழையில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2019 ஆகஸ்டில், வேறு பருவத்தில், அதே 82 செ.மீ. மாவட்டத்தின் இன்னொரு இடமான அவலாஞ்சியில் கொட்டியது. குன்னூர், கோத்தகிரிக்கு அதிக மழை தருவது வடகிழக்குப் பருவமழை. கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்கு.

சரி, பாதுகாப்பான இடத்துக்கே மாற்றிவிடலாமா? தொலைவில் வீடு கொடுத்தால், காலையில் தேயிலை பறிக்கப் போகிறவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தே அரை நாள் கூலியை இழப்பார். கொஞ்ச நாளில் பழைய சரிவுக்கே திரும்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. வேலை, பள்ளி, ரேஷன் கடை மூன்றும் எட்டும் தூரத்தில் இடம் தேடவேண்டும்.

வரைபடம் போடும் முன், மழை பெய்யும்போதே ஊர்ப் பெரியவர்களோடு அந்தச் சரிவை நடந்து பாருங்கள். புதிதாகக் கிளம்பிய ஊற்று, கலங்கி வரும் ஊற்றுநீர், சாய்ந்த மரம், தரையில் விரிசல் ஆகியவற்றை அவர்களே காட்டுவார்கள். அந்த இடங்களில் மனை பிரிக்க வேண்டாம்.