ஏரி நிரம்பியிருக்கிறது, பறவையைக் காணோம்

ஐப்பசி பிறந்து நான்கு மழை பெய்ததும் யாராவது கேட்டுவிடுவார்கள்: "கிருஷ்ணகிரி அணை நிரம்பிவிட்டதாமே, இந்தச் சனி ஞாயிறு பறவை பார்க்கப் போகலாமா?" இதே கேள்வியை ஒரு காலத்தில் நானும் கேட்டவன்தான். முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

தண்ணீர் நிரம்பினால் பறவையும் நிரம்பும் என்பது நம் கணக்கு. உள்ளான்களின் கணக்கு வேறு. சேற்றில் அலகை விட்டுப் புழு பூச்சி தேடுகிற அவற்றுக்குக் கால் நனையும் அளவு தண்ணீர் போதும். நீர் கரையைத் தொட்டு நின்றால் அந்தச் சேறு மூழ்கிவிடும்; நீர்க்காகமும் முக்குளிப்பானும் கூழைக்கடாவும் மட்டும் ஆழத்தில் மீன் பிடித்துக்கொண்டிருக்கும். அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. மழைக்காலத்தில் நீர்மட்டம் நாளிதழில் வந்துவிடும். 50 அடிக்கு மேல் என்று படித்தால் நான் அணைப் பக்கம் போவதில்லை. சின்ன ஏரிகளுக்கோ, பாரூர் பக்கம் உழுது தண்ணீர் கட்டியிருக்கும் வயல்களுக்கோ போய்விடுவேன். மதகு திறந்திருக்கும் நாட்களில் தென்பெண்ணை ஆற்றுக்குள் இறங்கும் யோசனையே வேண்டாம்.

அடுத்தது, நிற்கிற இடம். வண்டியை நிறுத்திவிட்டு எல்லோரும் ஏறுவது கரைமேல். அங்கேதான் தண்ணீர் ஆழம், அங்கேதான் கூட்டமும். பறவை இருப்பது எதிர்ப்பக்கத்தில், ஓடை வந்து சேரும் உள்வாயில். அங்கே தண்ணீர் விரல் கனத்துக்குப் பரவிக் கிடக்கும். கோரைப் புல் இருக்கும். மாடு மேயும், மாட்டின் காலடியில் கொக்கும் வாலாட்டியும் மேயும். காலையில் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் மாற்றி நில்லுங்கள். வெயில் எதிரே இருந்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

உள்வாயில் ஒரு எச்சரிக்கை. வண்டல் மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும்; தரை கெட்டி என்று தோன்றும். அடியில் கூழ். ஒரு முறை நம்பிக் காலை வைத்தேன், முழங்கால் வரை இறங்கியது. கால் வெளியே வந்தது, செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கையில் ஒரு குச்சி இருந்தால் குத்திப் பார்த்து நடக்கலாம்.

ஐப்பசியிலேயே வாத்துக் கூட்டத்தை எதிர்பார்ப்பதும் வீண். வலசை வருகிறவற்றில் வாலாட்டி, தகைவிலான், உள்ளான் ஆகியவை முந்திக்கொள்ளும். ஊசிவால் வாத்தையும் நீலச்சிறகியையும் பெரிய கூட்டமாகப் பார்க்கக் கார்த்திகை, மார்கழி வரை பொறுக்க வேண்டும்.

வலசை வந்த பறவையையும் இங்கேயே இருந்த பறவையையும் குழப்பிக்கொள்வது புதியவர்கள் எல்லோரும் செய்வது. ஒகேனக்கல்லில் பாறைமேல் வாலை ஆட்டிக்கொண்டு நின்ற ஒன்றைக் காட்டி, "இமயமலையிலிருந்து வந்திருக்கிறது" என்று உடன் வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பரிசல்காரர் முழுதும் கேட்டுவிட்டு, "போன வருடம் என் பழைய பரிசலுக்கு அடியில் குஞ்சு பொரித்தது சார்" என்றார். அது வெண்புருவ வாலாட்டி. இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்வது. தலையும் முதுகும் கறுப்பு, கண்ணுக்கு மேல் பட்டையாக வெள்ளைப் புருவம். வலசை வருகிற சாம்பல் வாலாட்டிக்கு வயிற்றுப் பக்கம் மஞ்சள் இருக்கும். குருட்டுக் கொக்கும் இப்படித்தான் ஏமாற்றும்: உட்கார்ந்தால் சேற்று நிறம், பறந்தால் வெள்ளை வெளேர்.

இதுவரை சொன்ன தவறுகளில் போவது நேரமும் செருப்பும்தான். தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் செய்யும் தவறில் உயிரே போகலாம். ராகி முற்றும் இந்தப் பருவத்தில் பன்னேருகட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்தப் பக்கம் வருகின்றன. பகலில் காட்டில் ஒதுங்கும், இருட்டியதும் வயலில் இறங்கும், விடிவதற்குள் ஏரியில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும். பறவை பார்க்கிறவனும் அதே விடியலில், அதே ஏரிக்கு, சத்தமில்லாமல் போகிறான். தளிக்கு அருகே ஒரு ஏரிக்கரையில் முறத்தளவு காலடித் தடங்களைப் பார்த்தேன். அவற்றில் தேங்கிய தண்ணீர் இன்னும் கலங்கலாகவே இருந்தது. அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை, வந்த வழியே திரும்பினேன். முதல் நாள் மாலையே ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். எந்தக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று டீக்கடையில் தெரிந்திருக்கும். காட்டு ஏரி என்றால் வெயில் ஏறிய பிறகு, கரை முழுவதும் கண்ணுக்குத் தெரியும்போது போனால் போதும்.

இந்தப் பக்கத்துக் காடுகளில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-லும் காவிரி தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்டவை. சாலையோரம் பலகை இல்லை என்பதற்காக உள்ளே இறங்கிவிட முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும்.

ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மழைக்காலத்தில் மலைபோல் நுரை பொங்கும். அது கழிவுநீர் நுரை. பிள்ளைகளை அதன் நடுவில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். சொல்லவே வேண்டாம்.

செல்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆறுமணிக்குருவி வடக்கே நெடுந்தொலைவிலிருந்து பறந்து வந்து, களைத்துப்போய் வீட்டுத் தோட்டங்களில்கூட விழுந்து கிடக்கிற காலம் இது. தன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டதோ என்று அதை அலைக்கழிப்பது என்ன ரசனை? காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அதுவே கூப்பிடும், காத்திருந்தால் போதும்.

கடைசியாக, இரண்டு நாளில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, ஒகேனக்கல் என்று போடும் பட்டியல். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல்லுக்கே 46 கிலோமீட்டர். பார்ப்பது பறவை அல்ல, மைல்கல். ஒரே ஏரியைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை விடியலில் உட்கார்ந்த இடத்திலேயே ஞாயிறும் உட்காருங்கள். முதல் நாள் உங்களைக் கண்டு எழுந்து பறந்த கொக்கு, மறுநாள் கொஞ்சம் தாமதமாகத்தான் பறக்கும். மாலையில் வேண்டுமானால் மீன் வறுவலுக்கு அணைக்குப் போகலாம். அதற்கு நீர்மட்டம் பார்க்க வேண்டியதில்லை.