கடலை ஓட்டால் சாயத்தண்ணீரைத் தெளிய வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆந்திராவின் நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம் பக்கம் விசைத்தறிக்கும் சாயப்பட்டறைக்கும் பஞ்சமில்லை. கடலை ஓட்டுக்கும் மாங்கொட்டைக்கும் கரும்புச் சக்கைக்கும் பஞ்சமில்லை. இந்தக் கழிவுகளை வைத்துச் சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்யலாமே என்று கல்லூரிப் பிள்ளைகளும் நினைக்கிறார்கள், பட்டறைக்காரர்களும் நினைக்கிறார்கள். நகரி ஆறு கொசஸ்தலையில் சேர்ந்து, சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி ஏரிக்குப் போவதால், நினைக்க வேண்டிய விஷயமும்தான். ஆனால் பெரும்பாலான முயற்சிகள் ஒரே இடத்தில் சறுக்குகின்றன.

அந்த இடம் மெத்திலீன் ப்ளூ. ஆய்வகத்தில் சுலபமாகக் கிடைக்கும் நீலச் சாயம். கடலை ஓட்டுத் தூளைப் போட்டுக் குலுக்கினால் சீக்கிரமே வெளுத்துவிடும். உடனே "தொண்ணூறு சதவீதம் நீக்கம்" என்று எழுதிவிடுகிறோம். ஓட்டின் மேற்பரப்பு தண்ணீரில் எதிர்மின்னூட்டம் பெறும். மெத்திலீன் ப்ளூவுக்கு நேர்மின்னூட்டம். ஒட்டாமல் என்ன செய்யும்? பருத்தி நூலுக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களோ எதிர்மின்னூட்டம் கொண்டவை. அதே ஓடு அவற்றைத் தள்ளிவிடும். அமிலம் விட்டு பிஎச்சை (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை) 2, 3 அளவுக்கு இறக்கினால் ஒட்டும்தான். ஆனால் சாயத்தொட்டித் தண்ணீர் சோடா சேர்த்ததால் 10, 11-ல் நிற்கும். அமிலச் செலவு, அப்புறம் அதை நடுநிலையாக்கும் செலவு என்று போட்டுப் பார்த்தால் இலவச ஓடு இலவசமாக இருக்காது. ஆகவே முதல் சோதனையையே பட்டறையிலிருந்து எடுத்த தண்ணீரில் செய்யுங்கள்.

சாயத்தண்ணீரில் வரும் உலோகத்துக்குக் கதை வேறு. செம்பு, ஈயம் போன்றவை கடும் அமிலத்தில் ஒட்டாது, பிஎச் 5-ஐ ஒட்டி நன்றாக ஒட்டும். அதற்கு மேலே ஏற்றிக்கொண்டே போனால் அவை ஹைட்ராக்சைடாகத் தானே படிந்துவிடும். பெயர் ஓட்டுக்குப் போகும். ஓடு போடாத ஒரு பாட்டிலையும் பக்கத்தில் வைத்துக் குலுக்குங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். குரோமியம் இன்னும் தந்திரக்காரன். அதிக நச்சுள்ள ஆறு இணைதிறன் குரோமியத்தை அமிலத் தண்ணீரில் ஓடு பிடிக்கவும் செய்யும், மூன்று இணைதிறனாக மாற்றவும் செய்யும். குரோமியத்தை நிறத்தால் காட்டும் டைபினைல் கார்பசைடு சோதனைக்கு ஆறு இணைதிறன் மட்டும்தான் தெரியும். நிறம் வரவில்லை என்பதற்காகக் குரோமியமே இல்லை என்று எழுதாதீர்கள், மொத்தக் குரோமியத்தை அளக்க வேண்டும். டர்க்காய்ஸ் நீலச் சாயத்தில் உள்ள செம்போ சாய மூலக்கூறுக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கிறது. செம்புக் கரைசலில் கிடைத்த கணக்கு அதற்குப் பொருந்தாது.

ஓட்டை அப்படியே கொட்டுவது இன்னொரு தவறு. கழுவாத ஓட்டுத் தூளை நல்ல தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பாருங்கள், காலையில் கட்டஞ்சாயா நிறத்தில் இருக்கும். டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் மற்ற கரையும் பொருள்களும் இறங்கி, கழிவுநீரின் சிஓடியை (கரிமக் கழிவின் அளவைக் காட்டும் ஆக்சிஜன் தேவையை) ஏற்றிவிடும். கழுவும் தண்ணீர் தெளிவாக வரும்வரை வெந்நீரில் அலசி, காயவைத்து, ஒரே அளவாகச் சலித்துப் பயன்படுத்துங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

நிறம் போனதும் ஆற்றில் விடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. ரியாக்டிவ் சாயமிடலில் லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறார்கள். எந்த ஓடும் அந்த உப்பைத் தொடாது. கண்ணாடி மாதிரித் தெரியும் தண்ணீரிலும் டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள்) மீட்டரை வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, சாயம் குடித்த ஓடு. 1,000 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாயம் இருந்தால் மொத்தம் 100 கிராம். ஒரு கிராம் ஓடு 10 மில்லிகிராம் பிடிக்கும் என்று வைத்தால், 10 கிலோ ஓடு வேண்டும். அந்தப் பத்துக் கிலோவும் ஈரமாக, விஷமாகத் திரும்பி வரும். வயலில் உரமாகக் கொட்டக் கூடாது, மாடு வாய் வைக்கும் இடத்தில் குவிக்கக் கூடாது. அடுப்பில் எரித்தாலும் உலோகத்தில் பெரும்பகுதி சாம்பலில் நிற்கும். குரோமியம் மீண்டும் ஆறு இணைதிறனுக்குத் திரும்பவும் வாய்ப்புண்டு. அமிலத்தில் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்பார்கள். சரி, உலோகம் இறங்கிய அந்த அமிலத்தை எங்கே ஊற்றுவது? இதை அபாயகரக் கழிவாகவே எண்ணி, எடுத்துக்கொள்ளும் அனுமதி பெற்ற இடம் எது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் முன்னதாகவே கேட்டுவிட்டு, பிறகு ஓடு வாங்கப் போங்கள்.